கொட்டாவியின் முறை

"இவள் இன்று காலை இறந்துவிட்டாள்" என்ற வரி கைபேசியில் வந்து விழுந்தபோது இஸ்திரி ஒரு கோட்டின் காலரில் எண் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். படித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, லாட்டரி விழுந்துச்சா?" நீராவிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து தங்கை கேட்டாள்.

"கொட்டாவி என்னை மடக்கப் பாக்குறா. பொண்டாட்டியைச் சாகடிச்சிட்டா."

"யார் பொண்டாட்டியை?"

"என் பொண்டாட்டியைத்தான்."

தங்கை "ஓ" என்று சொல்லிவிட்டு ஒரு சட்டைக் கையைத் திருப்பிப் போட்டாள். இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இஸ்திரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஐம்பதைத் தாண்டி நாளாயிற்று, இனி ஆகப்போவதும் இல்லை. அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து அந்தச் சலவைக்கடையை நடத்தினார்கள். தங்கை உள்ளே கறையோடு மல்லுக்கட்டுவாள். அக்கா முன்னால் நின்று வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவாள். துணி கொடுக்க வருகிற யாரும் துணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை. "இந்தக் காபிக் கறை நான் பண்ணது இல்லீங்க, பக்கத்து சீட்டு ஆளு பண்ணது." "என் வீட்டுக்காரர் கேட்டா நேத்தே குடுத்துட்டேன்னு சொல்லிடுங்க." "பையில ஒரு சாவி இருந்துச்சே, பாத்தீங்களா? இல்லையா? அய்யோ, அப்ப அது வேற எங்கேயோ இருக்கே!" இதெல்லாம் இஸ்திரியின் காதில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதில் கொஞ்சத்தை எழுதி, யார் வேண்டுமானாலும் கதை போடலாம் என்றிருந்த ஓர் இணையதளத்தில் போட்டாள். என்ன பெயரில் எழுதுகிறீர்கள் என்று அது கேட்டது. எதிரே இஸ்திரிப் பெட்டி இருந்தது. அந்தப் பெயரையே போட்டுவிட்டாள்.

அந்தக் கதையில் பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. யார் எப்படி இருந்தார்கள், வானம் என்ன நிறம், ஒன்றும் கிடையாது. படித்தவர்களில் பாதிப்பேர் இது கதையா என்று கேட்டார்கள். ஒருத்தி மட்டும் எழுதினாள்: "உங்க கதையில யாருமே ஜன்னல் வழியா நிலாவைப் பாக்கறதில்லை. அதுக்காகவே ரெண்டு தடவை படிச்சேன்."

அவள் பெயர் கொட்டாவி. ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் இருப்பவள், யாருக்கு எப்போது வரவேண்டும் என்று நேரம் கொடுப்பவள். "நாள் பூராவும் திறந்த வாயைத்தான் பாக்கறேன். ஒரு வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வராது, ஆ, ஆங், அவ்வளவுதான். உங்க கதைக்கு வந்தாத்தான் எனக்குக் காது திறக்குது" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. பிறகு கொட்டாவியே ஒரு யோசனை சொன்னாள். அந்தத் தளத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே கதையை மாறி மாறி எழுதலாம். மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மூடி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தின் அடியில் "அடுத்து எழுத வேண்டியவர்" என்று பெயர் வந்து நிற்கும். ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. ஆளுக்கு ஒரு வாய். பேச்சு மட்டும்.

"நான் பொண்டாட்டி, நீங்க புருஷன்" என்றாள் கொட்டாவி.

"எனக்குப் புருஷனும் தெரியாது, புருஷன் பேச்சும் தெரியாது."

"கல்யாணம் ஆகாதவங்களுக்குத்தான் புருஷன் எப்படிப் பேசணும்னு தெரியும். எங்களுக்கு எப்படிப் பேசமாட்டான்னுதான் தெரியும்."

"சரி, அவருக்கு என்ன வேலை வைக்கலாம்?"

"லிப்ட் ரிப்பேர்" என்று உடனே வந்தது. நல்ல கற்பனைதான் என்று இஸ்திரி நினைத்தாள்.

ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். நிஜப் பெயர் வேண்டாம், படம் வேண்டாம், குரல் வேண்டவே வேண்டாம். குரலைக் கேட்டுவிட்டால் வசனம் கெட்டுவிடும் என்றாள் கொட்டாவி. இஸ்திரிக்கும் அது சரியென்று பட்டது. அவள் காதில் கொட்டாவிக்கு ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக, வாக்கியத்தின் கடைசியில் சிரிப்பை விழுங்குகிற குரல்.

இப்படியே இரண்டு வருடத்துக்கும் மேல் அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டார்கள். நேற்றுச் சண்டை ஈரத் துண்டைப் பற்றியது. குளித்துவிட்டு அதைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது என்று பொண்டாட்டி கத்தினாள். கடைசியில், "நான் இல்லாம ரெண்டு நாள் இருந்து பாருங்க. அப்பத் தெரியும்" என்றாள். இஸ்திரி கடையைப் பூட்டுவதற்கு முன்னால் புருஷனாக நின்று பதில் போட்டாள்: "போயேன்டி. இங்க யார் பிடிச்சு வெச்சிருக்கா?"

அதற்குப் பதிலாகத்தான் இன்றைக்கு இந்த வரி.

கொட்டாவி பேச்சு மட்டும் என்ற விதியை மீறிவிட்டாள் என்பதுதான் இஸ்திரிக்கு முதலில் தோன்றியது. இதைச் சும்மா விடலாமா? சீட்டுக் குத்தின கோட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதினாள்: "அடியே, செத்துப்போறவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டியா? கேஸை அணைச்சியா இல்லையா, ராசாத்தி?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "டேய், யாருடா நீ?"

"தங்கச்சி, இங்க பாரு, புதுசா ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றா" என்று இஸ்திரி உற்சாகமாகச் சொன்னாள். "கேட்காம ஆள் சேர்த்தா எப்படி? இவங்க யாரு, உன் அண்ணனா?" என்றே பதிலும் அனுப்பினாள்.

அடுத்து வந்தது நீளமாக இருந்தது. எழுதியது ஒரு நிஜ லிப்ட் ரிப்பேர்காரரின் அக்கா. செத்தவள் தன் தம்பி மனைவி என்றாள். கிளினிக் படி ஏறும்போது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றாள். அவளுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லலாம் என்று போனைத் திறந்தால் யாரோ ஒருத்தன் இரண்டு வருடமாக அடியே ராசாத்தி என்று கொஞ்சிக்கொண்டு கிடக்கிறான் என்றாள். என் தம்பி அதைப் பார்த்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, ஆம்பிளையாக இருந்தால் நேரில் வாடா என்றாள். கீழே முகவரி, கதவு எண், செத்தவளின் பெயர்.

அந்தப் பெயரை இஸ்திரி அதற்குமுன் கேட்டதில்லை. அதுதான் அவளை நிமிர்த்தியது. கொட்டாவி எதை வேண்டுமானாலும் விளையாடுவாள், பெயரை மட்டும் போட மாட்டாள்.

"நான் பொண்ணுங்க" என்று எழுதினாள்.

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான்" என்று வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

தங்கைதான் கைபேசியை வாங்கி எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தாள். படித்து முடித்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நிஜமாவே செத்திருந்தா?"

"செத்திருக்க மாட்டா."

"சரி, செத்திருந்தா?"

"தெரியலையே. இந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதே. எனக்குத் தெரிஞ்சது கொட்டாவி. இவங்க வேற யாரையோ சொல்றாங்களோ?"

"வேற யாரோ செத்ததுக்கு உன்னை எதுக்குத் திட்டணும்? அந்த மனுஷன் பொண்டாட்டியைப் பத்தி இப்ப என்ன நெனச்சிட்டு உக்காந்திருப்பாரு? நீ போய்ச் சொல்லலைன்னா அவளுக்கு அந்தக் கெட்ட பேரு அப்படியே இல்ல நின்னுடும்?"

மறுநாள் காலையில் இஸ்திரி பஸ் ஏறினாள். முகவரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வழியெல்லாம் அவள் காதுக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். 'கதவைத் திறந்ததும் கொட்டாவிதான் நிக்கப்போறா. ஏமாந்தீங்களான்னு கேக்கப்போறா.' 'அப்படி நின்னா ரெண்டு அறை விடுவேன்.' 'நிக்கலைன்னா?' செத்தவர்கள் வீட்டுக்குப் போனால் அழவேண்டும் என்று தெரியும். யாருக்காக அழுவது என்றுதான் பிடிபடவில்லை. பெயர்க்காரியைத் தெரியாது. கொட்டாவியோ நேற்று முன்தினம்வரை துண்டுக்காகச் சண்டை போட்டவள்.

மூன்று மாடிக் கட்டடம். லிப்ட் கிடையாது. 'லிப்ட்காரன் வீட்டுக்கு லிப்ட் இல்லை பாருங்க' என்று கதையில் பொண்டாட்டி அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வாள். இஸ்திரி கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் தட்டியதும் உள்ளிருந்து யாரோ அதன் அடிப்பக்கத்தை ஓர் உதை உதைத்துத் திறந்தார்கள். கதையில் அந்தக் கதவும் அப்படித்தான் திறக்கும். இஸ்திரிக்கு ஒரு நிமிடம் தான் எதற்குள் நிற்கிறோம் என்றே தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் உயரமான பெண்மணி. அழுது வீங்கிய கண். "யாரு?"

"நான்... இஸ்திரிங்க."

"துணி எதுவும் போடலையே. இன்னிக்குப் போங்கம்மா, வீட்டுல துக்கம், நேத்து சாயங்காலம்தான் எடுத்தோம்."

"இல்லைங்க. அடியேன்னு எழுதினது நான்தான்."

அந்தப் பெண்மணி இஸ்திரியின் நரைத்த கொண்டையிலிருந்து செருப்புவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு இஸ்திரிக்குப் பின்னால் படிக்கட்டில் வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"உங்களை யார் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைங்க."

"அந்த ஆளு தனக்குப் பதிலா உங்களை அனுப்பியிருக்கானா? அவனுக்கு அம்மாவா நீங்க?"

"அந்த ஆளே நான்தாங்க."

"உள்ள விடுக்கா" என்று அறைக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

லிப்ட்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அகலமான கைகள், நகக்கண்ணில் கருப்பு. பக்கத்து முக்காலியில் செத்தவளின் கைபேசி இருந்தது. ஆணியில் நீலநிற வேலைச்சட்டை தொங்கியது, தோள்பட்டையில் பழைய கிரீஸ் கறையின் நிழல். இஸ்திரியின் கண், தொழில் பழக்கத்தில், முதலில் அங்கேதான் போனது. பிறகு ஜன்னலோரக் கொடிக்குப் போனது. அங்கே, கதையில் எப்போதும் கட்டில்மேல் கிடக்கிற துண்டு சுருக்கமில்லாமல் நான்கு முனையும் சமமாக இழுத்துவிட்டுக் காயப்போடப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் கொட்டாவி செத்துவிட்டாள் என்று அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இவங்கதானாம்டா" என்றாள் அக்கா. "கேட்டா நம்பற மாதிரியா இருக்கு? ஒரு பொம்பளை எதுக்கு இன்னொரு பொம்பளையை ராசாத்திங்கணும்?"

"கதைங்க அது. நான் புருஷன் பேச்சை எழுதுவேன், அவங்க பொண்டாட்டி பேச்சை எழுதுவாங்க. நேத்து வந்ததையும் கதைன்னு நெனச்சுதான்... அந்த கேஸ் வரியை எழுதின கையை வெட்டிப் போடலாம் போல இருக்கு."

"வேலைமெனக்கெட்டு யாராவது அப்படி எழுதுவாங்களா?"

"நாங்க எழுதினோம்."

இஸ்திரி என்ன சொல்லி நம்பவைப்பது என்று தெரியாமல் மறுபடி சட்டையைப் பார்த்தாள். "அந்தக் கறை பாதிதான் போயிருக்கு. பவுடரைத் தூவி ஒரு ராத்திரி அப்படியே விடணும்னு சொன்னேன். அவங்க பொறுமையில்லாம உடனே அலசியிருப்பாங்க."

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்தது. "அந்தப் பவுடர் யோசனை உங்களுதா? முகத்துக்குப் போடற பவுடரைச் சட்டைக்குக் கொட்டறாளேன்னு நான் எவ்வளவு திட்டியிருக்கேன்! கடைக்காரம்மா ஒருத்தங்க சொன்னாங்கன்னு சொன்னா. எந்தக் கடைன்னு கேட்டா சிரிச்சா."

"சலவைக்கடைங்க."

லிப்ட்காரர் கைபேசியை எடுத்தார். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். பொண்டாட்டியின் வரியை, பள்ளிக்கூடத்தில் எழுப்பிப் படிக்கச்சொன்ன பையனைப்போல ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். "'ஏங்க, லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட மட்டும் அவ்வளவு பேசறீங்களே, வீட்டுல ஏன் வாயைத் திறக்கறதில்லை?'" நிமிர்ந்து இஸ்திரியைப் பார்த்தார். "இதுக்கு என்ன சொன்னீங்க?"

இஸ்திரிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, புருஷனாகவே சொன்னாள்: "மாட்டிக்கிட்டவங்க பயந்துட்டிருப்பாங்கடி, அதான் பேச்சுக் குடுக்கறேன். உன் முன்னாடி நிக்கும்போது எனக்குத்தான் பயம். நீதான் பேச்சுக் குடுக்கணும்."

அக்கா, "அய்யய்யோ, இவங்கதான்டா" என்றாள், பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக.

"நான் இப்படிச் சொன்னதே இல்லை" என்றார் லிப்ட்காரர்.

"தெரியுங்க. கற்பனைதான்."

"ஆனா நிஜம்." அவர் கைபேசியைத் திரும்ப முக்காலிமேல் வைத்தார். "ஒருநாள் வேலைவிட்டு வந்து உக்காந்திருக்கேன். எதிர்ல வந்து நிக்கறா. 'பயப்படாதீங்க, நான் பேச்சுக் குடுக்கறேன்'ங்கறா. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. என்னடி உளர்றேன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா. இப்பத்தான் தெரியுது." இஸ்திரி பக்கம் திரும்பினார். "நேத்திலிருந்து நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

"நெனக்காதீங்க. நான் அவங்க முகத்தைக்கூடப் பாத்ததில்லை."

அக்கா உடனே எழுந்து போய் ஒரு படத்தை எடுத்து வந்து நீட்டினாள். இஸ்திரி பார்த்தாள். ஒழுங்காகத் தலைவாரி, வாயை மூடிச் சிரித்துக்கொண்டு ஒருத்தி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இஸ்திரி திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். அந்தக் கரகரப்புக் குரலை அந்த வாயில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. குரல் நழுவிக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அழுகை வந்தது. அது இவளுக்கா, குரலுக்கா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"போயேன்டின்னு எழுதினதும் நீங்கதானா?" என்று கேட்டார் லிப்ட்காரர்.

இதைத்தான் அவள் பஸ் ஏறினதிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். "ஆமாங்க. அதை அவங்க படிச்சாங்களா?"

"படிச்சா. காலைல செருப்பு மாட்டும்போது போனைப் பாத்து ஒரே சிரிப்பு. என்னன்னு கேட்டேன். 'வீட்டுக்காரர் என்னைப் போகச் சொல்லிட்டார்'னா. நான் எப்பச் சொன்னேன்னு கேட்டேன். 'சொன்னது சொன்னதுதான், சாயங்காலம் வந்து கவனிச்சுக்கறேன்'னு கதவை உதைச்சுத் திறந்துட்டுப் போனா."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சா. படி இறங்கும்போதும் சத்தம் கேட்டுது."

இஸ்திரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். தம்பிக்கும் ஒன்று வைத்தாள். அவர் அதை எடுத்துக் குடித்ததைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அவ கேட்டதுக்கு நீங்க போயேன்னு சொன்னீங்க" என்றார் அவர் மெதுவாக. "ரெண்டு நாள் இருந்து பாருங்கன்னு அவ சொன்னதுக்கு. அதுக்கு நான் ஒரு பதில் சொல்லலாமா? உங்க இடத்துல?"

"அது உங்க இடந்தாங்க" என்றாள் இஸ்திரி. பையிலிருந்து தன் கைபேசியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அடியில் அவள் பெயர் நின்றது. முறை அவளுடையதுதான்.

அவர் பெரிய விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். நடுவில் ஒருதரம், "இதுல 'போதும்' எப்படி வரும்?" என்று கேட்டார். அக்கா குனிந்து காட்டிக் கொடுத்தாள். முடித்ததும் இஸ்திரியிடம் நீட்டினார். "வசனம் சரியா இருக்கா பாருங்க."

*இருந்து பார்த்துட்டேன். போதும், வா.*

இரண்டு வருடத்தில் புருஷன் பேசின எதுவும் இத்தனை சரியாக அமைந்ததில்லை. இஸ்திரி அதைச் சொல்லவில்லை. "சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லி, அனுப்பும் இடத்தைக் காட்டினாள். அவர் அழுத்தினார்.

முக்காலியின் மேல் இருந்த கைபேசி டிங் என்றது.

மூன்று பேரும் திடுக்கிட்டு அதைத் திரும்பிப் பார்த்தார்கள். திரை ஒரு நொடி வெளிச்சமாகி அணைந்தது. இஸ்திரி தன் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள். அடியில், அடுத்து எழுத வேண்டியவர் என்ற இடத்தில், கொட்டாவி என்று வந்து நின்றது.

"இப்ப யாரு எழுதணும்?" என்று அக்கா கேட்டாள்.

லிப்ட்காரர் இஸ்திரியைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிற பார்வை அது. இஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'முதல்ல கேஸை அணைச்சீங்களான்னு பாருங்க' என்று கரகரப்பாக, கடைசியில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒரு குரல் கேட்டது. கேட்டதா, தானே சொல்லிக்கொண்டதா? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து, அந்தத் தெரியாத வீட்டின் சமையலறைக்குப் போய், அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க?" என்று அக்கா பின்னாலேயே வந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் இஸ்திரி. "அணைஞ்சுதான் இருக்கு."